எக்ஸ்ட்ரா பெட்

மூன்று நாள் லீவு தந்திருக்கிறார் முதலாளி,
கத்திரி முடிவதற்குள் எடுத்துக்கொள் என்று.
பதினோரு வருடமாகப் பாபுராவ் தெரு லாட்ஜில்
சாவிப் பலகைக்கும் லெட்ஜருக்கும் நடுவே
உட்கார்ந்திருப்பவனுக்குக்
கடல் என்பது காலண்டரில் ஒரு மாதம்.

பழைய கேஸ் பில்லின் பின்பக்கம்
பியூலா கணக்குப் போடுகிறாள்.
கையில் எட்டாயிரத்து இருநூறு.
அதில் ஜெமிமாவின் ஸ்கூல் ஷூவைத் தொடக்கூடாது.
மகாபலிபுரத்தில் பஸ் ஏறிக்
கரையோரமாகவே தெற்கே இறங்கிப்
பாண்டிச்சேரி வரை.
இடையிடையே சவுக்கு மறைக்கும்,
மரக்காணத்தில் உப்பளம் கண் கூசும்
என்று லாரி ஓட்டும் பக்கத்து வீட்டு நௌஷாத் சொன்னார்.
தெற்கே போனால் கடல் இடது பக்கம்.
இடது பக்கம் இரண்டு பேர் சீட்,
ஜன்னல் ஒன்றுதான்.
கல்பாக்கம் வரை அக்கா, அப்புறம் தம்பி என்று
இப்போதே பாகப்பிரிவினை.

டவுன் பஸ்ஸில் எங்களுக்கு டிக்கெட் இல்லையே,
மாறி மாறிப் போனால் என்ன என்கிறாள் பியூலா.
ஆற்காடு, காவேரிப்பாக்கம், ஓச்சேரி...
ஜெமிமா விரல் விட்டு எண்ணுகிறாள்:
"லீவு முடியறப்ப செங்கல்பட்டுல இருப்போம்மா."
"அப்ப நானும் அப்பாவும் மட்டும் காசு குடுக்கணுமா?"
ஏழு வயது ரூபனுக்கு உலகத்தின் மேல் முதல் மனத்தாங்கல்.

குடியாத்தத்து மச்சான் குடும்பமும் சேர்ந்தால்
ரூம் வாடகை பாதி.
ஆனால் டைட்டஸ் குறட்டை விடுவான்;
அதையும் பாதியாக்க முடியாது.
முதல் நாளுக்குப் புளிச்சோறு,
மறுநாளுக்கு ரொட்டியும் தக்காளித் தொக்கும்,
மீன் ஒரு வேளை.
கடலுக்குப் போய் மீன் தின்னாமல் வந்தோமென்றால்
தெருவில் யார் நம்புவார்கள்?

மிச்சம் ரூம்.
அது என் பேட்டை.
ராத்திரி ரயிலில் வந்து இறங்கி
ஸ்கேன் கவரை மார்போடு அணைத்துக்கொண்டு
ஐம்பது ரூபாய் குறையுங்கள் தாதா
என்று கெஞ்சும் வங்காளம் எனக்கு மனப்பாடம்.
பதிலும் மனப்பாடம்.

ஏழாவதாகக் கூப்பிட்டது
மரக்காணம் தாண்டி ஒரு லாட்ஜ்.
"சீசன் சார். ஒரே ரேட்.
எக்ஸ்ட்ரா பெட்டுக்குத் தனி."
அச்சு அசல் நான்.
குரலுக்குப் பின்னால் கிறீச்சிடும் மின்விசிறிகூட
என் தலைக்கு மேல் சுற்றுவதுதான்.
சின்னப் பிள்ளைங்க சார், ஒடுக்கிப் படுத்துக்குவாங்க,
பார்த்துப் போடுங்க என்றேன்.
கெஞ்சுவது தமிழிலும் வருகிறது எனக்கு.

"எங்கேர்ந்து பேசறீங்க?"
"வேலூர்."
கொஞ்ச நேரம் மின்விசிறி மட்டும்.
"சி.எம்.சி. பக்கமா?"
"நடக்கிற தூரம்."
"எங்க அண்ணிக்கு ஜூன்ல தேதி குடுத்திருக்காங்க.
அங்கல்லாம் ரூம் என்ன வரும் சார்?"

ஒரே ரேட் என்பது வாய் வரை வந்தது.
அங்கேயே நின்றுவிட்டது.

பேர் கலியமூர்த்தியாம்.
"எக்ஸ்ட்ரா பெட்டு கெடக்குது, போட்டுடறேன்" என்றார்.
நான் லெட்ஜரில் ஜூன் பதினொன்றைத் திருப்பிப்
பென்சிலால் எழுதினேன்:
கலியமூர்த்தி, மூன்று பேர், மூன்றாம் நம்பர்.
கீழ்த்தளம். படி ஏறக்கூடாது.
முதலாளிக்கு என்ன சொல்வது என்பது
ஜூன் மாதத்துக் கவலை.

வீட்டுக்கு வந்து
பில்லின் பின்பக்கத்தில் ஒரு வரியை அடித்தேன்.
மிஞ்சியதைக் கண்ணாலேயே கூட்டிய பியூலா
மீன் இருந்த இடத்தில்
ஒன்றை இரண்டாக்கினாள்.
ரூபன் குளியலறை மக்கைத்
தன் பையில் வைத்தாயிற்று, மணல் அள்ள.

ஜெமிமாதான் கேட்டாள்,
"ரூம்லேர்ந்து கடல் தெரியுமாப்பா?"

அதை நான் கேட்கவே இல்லை.
பதினோரு வருடத்தில் என்னிடமும்
ஜன்னலில் என்ன தெரியும் என்று
யாரும் கேட்டதில்லை.